அண்ணன் கொடுத்த ரத்தம்

இன்று காலை சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க வந்த பெண் என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனையில் நான் ஆம்பூர் நர்சிங் ஹோமில் உன் கட்டிலருகே போய் நின்றுவிட்டேன், பாப்பா. கடைசித் தங்கை என்பதால் ஐம்பது வயதிலும் நீ எனக்குப் பாப்பாதான்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு முன் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ரத்த வங்கியில் உன் வகை இருந்தது. நான்தான் மறுத்தேன்.

"எவன் ரத்தமோ, இன்னா வியாதியோ! கூடப் பொறந்தவன் நான் இருக்கேன்ல?"

நம் பக்கத்தில் வழக்கமே அதுதானே. சொந்தங்கள் இருக்கும்போது வெளி ரத்தம் ஏற்றினால் குடும்பத்துக்கே குறை. முப்பது வருஷம் அறிவியல் நடத்திய நானும் வகை பொருந்தினால் போதும் என்றே நம்பினேன்.

சொட்டுச் சொட்டாக இறங்கியதைப் பார்த்து நீ சிரித்தாய். "வாத்தியார் ரத்தம்ணா! இனிமே ஷூ கம்பெனில சூப்பர்வைசரையே பெஞ்சு மேல ஏத்திடுவேன்."

பத்து நாள் கழித்துக் காய்ச்சல். பிறகு உடம்பெங்கும் சிவந்த தடிப்பு, நிற்காத பேதி. வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணன் ரத்தமா? ரத்தத்துக்குக் கதிர்வீச்சு குடுத்து ஏத்தினாங்களா?"

அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அவர் விளக்கியதை என் வழக்கப்படி பள்ளிக்கூட உதாரணமாகத்தான் புரிந்துகொண்டேன். வேறு சீருடையில் ஒருவன் நுழைந்தால் வாட்ச்மேன் பிடித்துவிடுவார். நம் சீருடையிலேயே வந்தால் விட்டுவிடுவார். நெருங்கிய சொந்தத்தின் வெள்ளணுக்களை உடம்பு சில சமயம் அப்படி விட்டுவிடுமாம். அவை உள்ளே பெருகி அந்த உடம்பையே தாக்குமாம். ஏற்றும் முன் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் அவற்றால் பெருக முடியாதாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பிழைப்பது அரிது என்றார்.

"ண்ணா, ஒன் ரத்தம் எனக்குச் சேரலையா?" என்று கேட்டாய்.

"அதெல்லாம் இல்லம்மா. ஏதோ இன்ஃபெக்ஷனாம்."

அந்தப் பொய்யை நம்பியபடியே நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்காரருக்கும் நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் உன் மகளுக்குப் பிரசவம். நேற்று அவர் சம்பந்தியிடம் என் தோளைத் தட்டிக் காட்டினார்: "ரத்தம் வேணும்னா எங்க மச்சான் இருக்காரு. தங்கச்சிக்கே குடுத்தவரு."

நாளை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அதன்பின் அந்த வீட்டு வாசல் எனக்குத் திறக்காது. உன்னிடம் சொல்லாமல் விட்டது மட்டும் என்னோடுதான் இருக்கும், பாப்பா.