கருமாதி அன்றைக்கு கோர்ட்

ஜூலை 29, 2005. வெள்ளி

காலையிலேயே வெயில். உப்பளம் பக்கம் காற்றே இல்லை. இவர் கண்ணை மூடி மூன்றாம் நாள். வந்தவர்களுக்குக் காபி போட்டே கை ஓய்ந்தது.

மத்தியானம் அஞ்சலை. உப்பளத்து ஆள். புருஷன் அடிதடி கேஸில் இரண்டு வருஷமாக ஜெயிலில். இவர் நடத்திய கடைசி கேஸ், இன்றைக்குத்தான் வாதம். கோர்ட்டிலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறாள்.

"ஐயா செத்ததுக்கு மரியாதைன்னு இன்னிக்கு எந்த வக்கீலும் வேலை பார்க்கலம்மா. ஐயா வாய்தா வாங்கவே மாட்டாரு. அவரு பேரைச் சொல்லியே வாய்தா போட்டுட்டாங்க."

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனவள். சாப்பிடச் சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

எங்கள் மகள் கயலுக்குக் காது குத்தின அன்றுகூட இவர் வாய்தா கேட்கவில்லை. பிள்ளை மாமன் மடியில் அழுது முடித்தபோது கறுப்புக் கோட்டோடு ஓடி வந்தார். இரண்டு நாள் நான் பேசவில்லை. "உள்ளே இருக்கறவனுக்கும் பொண்ணு இருக்குடி" என்றார். அதே மனுஷன்தான் பள்ளிக்கூட நாளெல்லாம் கயலுக்குச் சடை பின்னி விட்டவர். என்னைவிட நன்றாகப் பின்னுவார். எரிச்சல்தான்.

ஆகஸ்ட் 3. புதன்

மோர் புளித்துவிட்டது. கேஸ் சிலிண்டர் சொல்லணும்.

வக்கீல்கள் நாலு பேர் வந்தார்கள். படத்திறப்பாம். படத்துக்குக் கீழே 'சட்டமேதை' என்று போடலாமா என்று அரைமணி நேரம் பேச்சு. அஞ்சலை கேஸ் என்ன ஆச்சு என்றேன். "11-ம் தேதி போட்டிருக்காங்கம்மா."

11 கருமாதி. ஜட்ஜுக்கு அந்த வாரத்தோடு மாற்றல். வாதம் முடிந்தால் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போவார். முடியாவிட்டால் புது ஜட்ஜ், எல்லாம் முதலிலிருந்து. கயல்தான் அவள் அப்பாவுக்கு ஜூனியர் வக்கீல், அவள்தான் போகணும். போ என்று சொல்லிவிட்டேன்.

கொழுந்தனார் குதிக்கிறார். "பெத்த பொண்ணு இல்லாம கருமாதியா அண்ணி? ஊரு சிரிக்கும்."

சிரிக்கட்டும்.

ஆகஸ்ட் 11. வியாழன்

காலையில் தூறல். பந்தல் ஒழுகியது. வாழை இலை பத்தவில்லை, மறுபடி ஆள் அனுப்பினோம். கயல் எட்டு மணிக்கே கிளம்பிவிட்டாள், சாப்பிடாமல்.

பன்னிரண்டு மணிக்கு அவளிடமிருந்து போன். "அரசு வக்கீல் வரலைம்மா. ரெண்டேகாலுக்குக் கேஸை மறுபடி கூப்பிடறேன்னு ஜட்ஜ் சொல்றார். அப்பவும் வரலைன்னா வாய்தாதான்."

கூடத்தில் எட்டிப் பார்த்தேன். இவரோடு இருபது வருஷம் மல்லுக்கு நின்ற அரசு வக்கீல், இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வடை வைத்தாகிவிட்டது.

"சார், அங்க உங்களுக்காகக் காத்துட்டிருக்காங்க."

"இன்னிக்கு எப்படிம்மா? அவருக்கு மரியாதை செய்ய வேணாமா? வாய்தா கேட்கச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன்."

"மரியாதை அங்க செய்ங்க. எழுந்திருங்க சார். சாப்பாடு சாயந்திரம் போடறேன்."

பந்தியே நின்றுவிட்டது. கொழுந்தனார் தலையில் அடித்துக்கொண்டார். அரசு வக்கீல் என்னைப் பார்த்தார், மாலை போட்ட இவர் படத்தைப் பார்த்தார், கை கழுவிக்கொண்டு காரில் ஏறினார்.

விருந்தாளியை இலையிலிருந்து எழுப்புவாளா ஒருத்தி என்று இவர் திட்டியிருப்பார். அப்புறம் உள்ளே போய்ச் சிரித்திருப்பார். அதை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. எல்லார் முன்னாலும்.

ஐந்து மணிக்குப் போன். இரண்டு பக்கமும் வாதம் முடிந்தது. தீர்ப்பு நாளைக்கு. அரசு வக்கீல் கயலோடு சாப்பிட வருகிறாராம். சாம்பார் சூடு பண்ணணும்.