எப்போன்னு சொல்லுங்க

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? "ஒண்ணுமில்ல" என்று மட்டும் எழுதாதே. அந்த மாதிரிப் பேச்சே எனக்கு இப்போது ஆகாது.

காரணம் எங்கள் சலவைக்கூடத்து சூப்பர்வைசர். லீவு கேட்டால் "பாத்துக்கலாம்", கையுறை கேட்டால் "பாத்துக்கலாம்". இஸ்திரி மெஷினில் ஆவி கசிகிறது என்று வாரக்கணக்கில் சொன்னதற்கும் அதேதான். நேற்று அது மணிக்கட்டில் லேசாகச் சுட்டுவிட்டது. பயப்படாதே, சின்னக் கொப்புளம்தான். மெஷினை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்தன.

"மெஷினைப் போடும்மா, பாத்துக்கலாம்" என்றார்.

"எப்போன்னு சொல்லுங்க சார். அதுவரைக்கும் உக்காந்திருக்கேன்."

மற்ற பெண்களும் ஒவ்வொருவராக மெஷினை அணைத்தார்கள். மதியத்துக்குள் மெக்கானிக் வந்துவிட்டார். சூப்பர்வைசர் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவாராம். அனுப்பிப் பார்க்கட்டும்.

உன் பழைய நூல் சேலை ஒன்று அனுப்பு. மணிக்கட்டில் சுற்றத்தான் என்று வைத்துக்கொள். துவைக்காமல் அனுப்பு. இங்கே எதை மோந்தாலும் சோப்பு வாசனைதான்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். நாளைக்கு லீவைப் பற்றிக் கேட்கப்போகிறேன். ஸ்டூல் அங்கேயேதான் இருக்கிறது.

உன் மகள்