சுண்ணாம்புக் கோடு

14-3-1995, செவ்வாய்

ரயில்வே ஸ்டேஷன் ஓய்வறைக்கு வெந்நீர் தர பாய்லர் அறை கட்ட வேண்டும். ஸ்டேஷன் அதிகாரியின் ஜன்னல் பக்கம் கட்டினால் புகை அவர் மேல் அடிக்கும். அதனால் கொய்யா விற்கும் பேச்சியம்மா உட்காரும் வேப்பமரத்தடியை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அவளைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளால் நாலு கோடு போட்டேன்.

அவள் கூடையைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்குன்னு இடம் அளந்து தந்துட்டியளே அண்ணாச்சி, நல்லாருப்பிய" என்று கும்பிட்டாள். கூட வந்த கொத்தனார் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டார். அவள் பெரிய பழமாக எடுத்து நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவித் தந்தாள். காசு வாங்கவில்லை. நின்று தின்றேன்.

"நாளைக்கும் இங்கனயே உக்காரலாம்லா?"

"காலையிலயே வந்துரு" என்றேன்.

நாளைக் காலை ஏழு மணிக்கு அந்த இடத்தைத் தோண்டக் கடப்பாரையோடு ஆட்கள் வருகிறார்கள். ஏன் அப்படிச் சொன்னேன்? பல்லிடுக்கில் ஒரு கொய்யா விதை. துழாவித் துழாவிப் பார்க்கிறேன், வர மாட்டேன் என்கிறது.