மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை

பிப்ரவரி 6, 1996, செவ்வாய்

காலையில் உறைபனி. எங்கள் தெருச் சரிவில் தவழாத குறையாக இறங்கி ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்தேன். என் வீட்டுக்காரர் நார்மனுக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு ஒன்பது வாரம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, வாய் கோணிவிட்டது, வசவு மட்டும் நேராக வருகிறது. வழக்கம்போல அவருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குப் போகிறவர்களைக் கவனிக்கும் மிஸ் பிக்கரிங் வந்தாள். இனி மாடி ஏற முடியாதாம். எங்கள் கழிப்பறையோ மாடியில். கீழே ஒன்று கட்டி, அதில் அவர் பத்திரமாகப் போய் வருவதை அவள் நேரில் வந்து பார்த்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இல்லாவிட்டால் முதியோர் இல்லம். "அடியில பாத்திரம் வச்ச நாற்காலி ஒண்ணு தர்றோம். முன்னறையில போட்டுக்கலாமே" என்றாள்.

நார்மன் கேட்டுவிட்டார். "எங்க அம்மா பியானோ வச்சிருந்த ரூம்ல நான் அதுக்கு உக்காரணுமா? அதுக்கு இங்கயே செத்துத் தொலையறேன்."

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். நர்ஸ் கூட நின்றால் அடக்கிக்கொண்டு விடுகிறாராம்.

பிப்ரவரி 8

ஜேனிஸ் போன் செய்தாள். டார்பியில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நல்ல இல்லமாம், தோட்டமெல்லாம் இருக்கிறதாம். "அம்மா, உனக்கும் எழுபத்திரண்டு ஆச்சு." ஆச்சுதான். அதனால்? போனை வைத்த பிறகுதான் நல்ல நல்ல பதிலெல்லாம் வாயில் வந்தது.

பிப்ரவரி 12

குழாய் வேலை டெரக் வந்தான். ஜேனிஸோடு படித்தவன், இப்போது வழுக்கை. மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரிக்குள் டார்ச்சோடு புகுந்தவன், உள்ளேயிருந்தே கத்தினான். "உக்காரலாம் கண்ணு! எந்திரிக்கும்போதுதான் மண்டைய பாத்துக்கணும்!" கை கழுவ ஒரு தொட்டியும் வருமாம். சூப் கிண்ணம் அளவுக்கு.

நார்மனிடம் சொன்னேன். "குள்ளனாப் பொறந்ததுக்கு இப்பவாவது பலன் கிடைக்குது பாரு" என்றார். டிசம்பருக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக். பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்தேன். எதிரில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 17, சனி

அலமாரியைக் காலி செய்தேன். கிறிஸ்துமஸ் மரம், ஜேனிஸின் பனிச்சறுக்குப் பலகை, ஒற்றைக் கால் பூட்ஸ் ஒன்று. எல்லாவற்றுக்கும் பின்னால், நூல்கண்டுக் கட்டையில் கட்டிய துருப்பிடித்த சாவி. கொல்லைக் கக்கூஸ் சாவி! தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீ ஆறிப்போனது.

நான் கல்யாணமாகி வந்தபோது பின்முற்றத்தில் இரண்டே கக்கூஸ், நான்கு வீட்டுக்கு. செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி ஆணியில் குத்தி வைப்போம். பனிக்காலத்தில் குழாய் உறையாமல் இருக்க ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. நடுச்சுவர் மெல்லிசு. நான் இந்தப் பக்கம், ஹில்டா க்ரூக்ஸ் அந்தப் பக்கம், ஊர்க்கதை முழுக்க அங்கேதான் பேசி முடித்தோம். அவளுக்குக் குழந்தை தங்கியதை அவள் புருஷனுக்கு முன்னால் அந்தச் சுவர் வழியாக நான் தெரிந்துகொண்டேன். ஹில்டா போய் ஆறு வருஷம். அப்படிப் பேச இப்போது யார் இருக்கிறார்கள்?

நார்மனுக்கு இதெல்லாம் ஆகாது. கல்யாணமான கையோடு பிரிட்லிங்டன் போனோம், கடற்கரை விடுதியில் ஒரு வாரம். கழிப்பறை எங்கள் அறைக்கு அடுத்த கதவு. எனக்குச் சத்தம் கேட்டுவிடுமாம். அதற்காக மனுஷன் தினமும் காலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு ரயில் நிலையம் வரை நடந்தார். "ரயில் நேரம் பாத்துட்டு வரேன்" என்பார். மூன்றாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியம் இருக்கிறதே, அதற்கு முன்னால் வந்ததே இல்லை.

1972இல் நகராட்சி உதவியோடு மாடியில் குளியலறை கட்டினோம். கொல்லைக் கக்கூஸை அவரே கடப்பாரையால் இடித்தார், ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த நல்ல சட்டையோடு. தெருவே வந்து மாடியில் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தது. அதன் பிறகும், உள்ளே போனால் முதலில் குழாயைத் திறந்துவிடுவார். நாற்பத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு சத்தமும் கேட்டதில்லை.

பிப்ரவரி 26

சுவரெல்லாம் தூசி. ரொட்டியிலும் சிமென்ட் ருசி.

மார்ச் 1, வெள்ளி

டெரக் பீங்கானைப் பொருத்திவிட்டான். "கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம் கண்ணு? உக்காந்தா அவருக்கு எந்தக் கை நல்ல கை?" வலது என்றேன். யோசிக்கவே இல்லை. அத்தனை வாரமாக அந்தக் கையைத்தானே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 9

வெள்ளை வண்ணம் அடித்தாயிற்று. சின்ன ஜன்னல்கூட இல்லை, ஆனால் பளிச்சென்று இருக்கிறது. நானே முதலில் உட்கார்ந்து பார்த்தேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 14, வியாழன்

இன்று எழுதவே கை வரவில்லை. எழுதினால்தான் தூக்கம் வரும்.

பத்தரைக்கு நார்மனைக் கூட்டி வந்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு தன் வீட்டு வாசலில் கால் வைத்தவர் கதவைத் தடவினார். மிஸ் பிக்கரிங் கையில் தாளும் பேனாவும். நார்மன் கழிப்பறையைப் பார்த்து, "டெரக் பய தேவலையே" என்றார். திரும்பி உட்கார்ந்தார், உடுப்போடுதான். "இப்ப கம்பியப் பிடிச்சு எந்திரிங்க" என்றாள் அவள்.

இடது கை சுவரில் துழாவியது. வெறும் சுவர். கம்பி அந்தப் பக்கம் இருந்தது, செத்த கைக்குப் பக்கத்தில்.

நான் சொன்ன வலது என் வலது! எதிரே உட்கார்ந்து எதிரே உட்கார்ந்து, எனக்கு வலப்பக்கம் இருக்கிற கை அவருக்கும் வலது என்று... என்ன பொம்பள நான்? கட்டுன புருஷனோட கை எந்தக் கைன்னு தெரியாதா எனக்கு? செத்துப்போனது அவர் மரம் இழைத்த கை. அது எதுவென்று டெரக்குக்குக்கூட ஞாபகம் இருந்திருக்கும். அங்கேயே அழுதேன். இடப்பக்கச் சுவர் வெறும் பலகை, உள்ளே கட்டை கொடுத்துத்தான் கம்பி போட முடியும், டெரக் வேறு ஊரில் வேலையாக இருக்கிறான்.

நார்மன் என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கோணல் வாயால் சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துச் சிரித்து இருமினார். "இத்தன வருஷமா என்னைக் கண்ணாடியிலயா புள்ள பாத்துக்கிட்டிருந்த?"

மிஸ் பிக்கரிங் சிரிக்கவில்லை. "கம்பி மாத்துற வரைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் கூட நிக்கணும். அதுக்கு மிஸ்டர் ஸ்டானிஃபோர்ட் ஒத்துக்கலன்னா, நான் எழுதிக் குடுக்க முடியாது." அவருடைய சங்கதி அவளுக்குத் தெரியும். அதனால் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவ்வளவுதான், டார்பிதான் என்று நினைத்தேன். ஜேனிஸிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். நார்மன் தரையைப் பார்த்தபடி, "இவ நிப்பா" என்றார்.

காது சிவந்திருந்தது. கல்யாணத்தன்று சிவந்த மாதிரி.

மார்ச் 18, திங்கள்

வந்துவிட்டார். முன்னறையில் கட்டில். முதல் தடவை இரண்டு பேரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். நான் சமையலறைச் சுவரை முறைத்தேன். "மழை வரும்போல" என்றேன். "ம்" என்றார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மார்ச் 21

இன்று கூட நிற்கும்போது ஹில்டாவைப் பற்றிச் சொன்னேன், சுவர் வழியாகப் பேசிய கதையெல்லாம். "அதுக்குத்தான் அவ்வளவு நேரம் போனீங்களா ரெண்டு பேரும்? நான் வெளிய நின்னு காலு மாத்திக்கிட்டிருந்தேன்" என்றார். கழுத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தே சொன்னார்.

மார்ச் 27, புதன்

டெரக் வந்து இடப்பக்கம் கம்பி போட்டுவிட்டுப் போனான். நன்றாக உறுதியாக இருக்கிறது. மிஸ் பிக்கரிங்கும் தொட்டுப் பார்த்துவிட்டாள்.

மத்தியானம் நார்மன் தானே கம்பியைப் பிடித்து உட்கார்ந்தார். ராத்திரிக்கு உருளைக்கிழங்கை வேக வைக்கவா, வறுக்கவா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இனி நான் நிற்கத் தேவையில்லை என்று ஞாபகம் வந்தது. கதவைச் சாத்தப் போனேன்.

"எங்க போற புள்ள?" என்றார். "வெங்காயம் போடுவியா மாட்டியான்னு இன்னும் சொல்லவே இல்லையே."

கதவைச் சாத்தாமல், மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.