ஓடை மணலில் காய்ந்த துணி

1989 ஐப்பசி 20, இரவு.

மலைப்பக்கம் கனமழை வரும் என்று காலையில் ரேடியோ எச்சரித்தது. முதலாளியிடம் சொன்னேன். "ராஜபாளையத்துல வெயில் மண்டையப் பொளக்குது. பேசாம துணியக் காயப்போடு" என்றார். வெளுத்த பேண்டேஜ் துணியை ஓடை மணலில் விரிப்பதுதான் எங்கள் வழக்கம்.

மதியம் மலை கறுத்தது. முதலாளியைக் கேட்கவே இல்லை. "ஏட்டி, துணி கெடக்கட்டும், கரையேறுங்க!" என்று கத்தினேன். பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டோம். அவர் மட்டும் துணியைச் சுருட்டிக்கொண்டு நின்றார். இங்கே ஒரு துளி மழை இல்லை. ஆனால் மலையிலிருந்து வெள்ளம் இரைந்து வந்துவிட்டது. அவர் கையிலிருந்த துணியின் மறுமுனையைப் பிடித்துத்தான் அவரைக் கரைக்கு இழுத்தோம். தோள் வலிக்கிறது. சிரிப்பும் அடங்கவில்லை.

சாயங்காலம், "நாளைக்குத் துணி காயப்போடலாமாம்மா?" என்றார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக என்னைக் கேட்கிறார்.

"ரேடியோ கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.