எலுமிச்சம்பழம் உருண்ட பாடம்

ஆவணி 10, செவ்வாய்

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இன்று என் மகளுக்கு டீச்சர் வேலைக்கு மாதிரி வகுப்பு. நேற்று அடுக்களையில் என்னைப் பிள்ளையாக உட்கார வைத்து நடத்திப் பார்த்தாள். ஒரு எலுமிச்சம்பழத்தைத் தரையில் உருட்டினாள்.

“யாரு தள்ளுனா, எதனால ஓடுதுன்னு இந்தப் பாடத்துல கேக்கப்பிடாதும்மா. எவ்வளவு தூரம் போச்சு, எவ்வளவு நேரமாச்சு, வேகம் எப்படிக் கொறைஞ்சுது, அது மட்டும்தான்.”

என் வாய் சும்மா இருக்குமா? “இது ஒங்க அப்பாவுக்குன்னே எழுதுன பாடம்ட்டி. சாயங்காலமானா வேகமா வெளிய போவாரு. எதுக்குன்னு கேக்கப்பிடாது” என்றேன். வாசல்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு மதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மகள் மறுபடி தொடங்கினாள், நானும் மறுபடி கேலியைத் தொடங்கினேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

இன்று மதியம் வந்தவள் சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தாள்.

“நல்லா நடந்துச்சா மக்ளே?”

“பழத்தை உருட்டினேன். பின்னால ஒரு பொண்ணு சிரிச்சா. நீ சிரிச்சது ஓர்மை வந்துச்சு. பொறவு ஒண்ணும் வரல்லம்மா. வேற ஆளைப் பாத்துக்கிடுதோம்னு சொல்லிட்டாவ.”

சோறு போட்டுக் கொடுத்தேன்.

நேற்று அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. பழம் அலமாரி ஓரம் மெள்ள வேகம் தளர்ந்து நின்றதை அவள் காட்டியபிறகுதான் கவனித்துப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிந்தது. அதை நேற்றே சொல்லியிருக்கலாம். இனிமேல் சொன்னால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள்.