யோசனைதான் கேட்டேன்

8 நவம்பர், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர். கம்பெனி வேன் தாமதம். தாம்பரம் ஸ்டாண்டில் நிற்கும்போதே செருப்பு அறுந்தது.

வேனில் ஏறியதும் டிரைவர் சொன்ன செய்தி: "இன்னா மேடம், உங்க ரங்கநாதன் சாரு இந்த மாசத்தோட போறாராமே. ஓசூர்ல பையனாண்ட போய் இருக்கப் போறாராம்."

என் செக்ஷன் சமாசாரம் டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ரங்கநாதன் சார் பர்ச்சேஸ் ஆபீசர். அவருக்குக் கீழே ஆறு வருடமாக நான் கிளார்க். தகடு, போல்ட், பெயிண்ட், சாக்கு வரைக்கும் யாரிடம் என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இங்கே எழுதிவிட்டேன். வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை.

நாளைக்கு: மண்ணெண்ணெய். குடை ரிப்பேர். செருப்பு.

10 நவம்பர், வியாழன்

மழை விட்டது. கொசு பிடித்துக்கொண்டது.

ஸ்டோர்ஸ் பிரபாகர் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை எம்.டி. ரூமுக்குப் போய் வந்தான். வரும்போது முகத்தில் சிரிப்பு. வேலைக்கு வந்து இன்னும் சட்டை கசங்கவில்லை, அதற்குள் பர்ச்சேஸ் சீட் கேட்கிறானாம்.

எம்.டி. முன்னால் போனால் எனக்கு "யெஸ் சார்" தவிர வேறு வராது. போன வருடம் இன்க்ரிமென்ட் கேட்கப் போனேன். "ஃபேன் சத்தம் போடுது சார், ஆள் வரச் சொல்லட்டுமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஃபேனும் மாறவில்லை.

எப்படிக் கேட்பது என்று விவரம் தெரிந்த யாராவது சொல்லிக் கொடுத்தால் தேவலை. யார் இருக்கிறார்கள்?

— டேனியல். கேட்டாயிற்று. "நேரா போய்க் கேளு." ஸ்கூல் வாத்தியார். அதட்டிப் பழகிய புருஷனுக்கு எல்லாமே நேராகப் போவதுதான்.

— ரங்கநாதன் சார். மூட்டை கட்டுகிற மும்முரம். பிரபாகரோடுதான் டீ குடிக்கிறார். வேண்டாம்.

— ஜெயசீலன் அண்ணன். சர்ச் கொயரில் எனக்குப் பின்வரிசையில் நின்று கனத்த ஆண் குரலில் பேஸ் பாடுகிறவர். கிண்டியில் பெரிய கம்பெனியின் மெட்டீரியல்ஸ் மேனேஜர். கிளார்க்காக நுழைந்து மேலே வந்தவர். திருமுடிவாக்கத்தில் நாங்கள் தகட்டில் அடித்துக் கொடுக்கும் பாகங்களை வாங்குவதே அவர் கம்பெனிதான். எங்கள் எம்.டி. எப்படிப்பட்டவர் என்பதும் தெரியும். இவரை விட்டால் யார்.

12 நவம்பர், சனி

கேரல் பிராக்டிஸ். கிறிஸ்மஸ் பாட்டில் ஆல்டோ குரல் பாடும் எங்களில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டு. நானும் வாயை மட்டும் அசைத்தேன். நினைப்பு வேறு எங்கோ.

முடிந்ததும் ஜெ. அண்ணனை ஸ்கூட்டர் பக்கத்தில் பிடித்தேன். போஸ்ட் காலியாவதைச் சொன்னேன். எதை முதலில் சொல்வது, எம்.டி. மறுத்தால் என்ன பேசுவது, நீங்கள் முதல் தடவை எப்படிக் கேட்டீர்கள் என்றெல்லாம் கேட்டேன். பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே வரி.

"நீ ஒண்ணும் கவலப்படாதம்மா. நான் பாத்துக்கறேன்."

இல்லண்ணா, யோசனைதான் கேட்டேன் என்று ஆரம்பிப்பதற்குள் ஸ்கூட்டரை உதைத்துவிட்டார். பின் சீட்டிலிருந்து அவர் மனைவி கையாட்டினார்.

என்னத்தைப் பார்த்துக்கொள்வார்?

13 நவம்பர், ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் காதில் ஏறவில்லை.

டேனியலிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "நம்ம ஊர்ல பெரிய போஸ்ட்ல இருக்கறவர்கிட்ட போய் நின்னா, சிபாரிசுக்குத்தான் நிக்கறாங்கன்னு எடுத்துப்பாங்க. அவர் எப்படி உனக்குப் பாடம் நடத்துவாருன்னு நெனச்சே?"

எரிச்சல். அவர் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் எரிச்சல். மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது.

சாயங்காலம் மாடம்பாக்கம் பஸ் பிடித்து ஜெ. அண்ணன் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமா என்று நினைத்தேன். நல்ல மனுஷர், கோபித்துக்கொண்டால்? மழை வரும்போல் இருந்தது. அதையே சாக்காக வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன்.

15 நவம்பர், செவ்வாய்

ஜெ. அண்ணன் எம்.டி.க்கு போன் போட்டுவிட்டார். நேற்றே.

எம்.டி. கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்ததில்லை.

ஜெயசீலன் சார் சொந்தமா என்று கேட்டார். இல்லை சார், சர்ச்சில் பழக்கம் என்றேன். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விஷயம் இதுதான். பர்ச்சேஸ் சீட்டில் இருக்கிற ஆளுக்கு எங்களுக்குத் தகடு என்ன விலைக்கு வருகிறது என்று தெரியும். அந்தத் தகட்டில் செய்ததை விலை பேசி வாங்குகிறவர் ஜெயசீலன். எங்கள் அடக்க விலை அவர் கைக்குப் போனால், அடுத்த பேரத்தில் தோலை உரித்துவிடுவார்.

"உங்க பேரைத்தாம்மா மனசுல வெச்சிருந்தேன். இப்ப கஸ்டமரே போன் பண்ணி, உங்கள அந்த சீட்ல உக்கார வைன்னு சொல்றார். நான் என்ன நெனைக்கறது?"

நான் சொன்ன பதில்: "யெஸ் சார்."

அந்த இடத்தில் யெஸ் சார். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும்.

திரும்பும்போது வேனில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பல்லாவரம் வரை அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பாட்டைக் குறைத்தார்.

16 நவம்பர், புதன்

சரியான தூக்கமில்லை. அண்ணன் மேல் கோபம். நல்லது செய்யத்தானே நினைத்தார் என்று சமாதானம். பல் தேய்க்கும்போது மறுபடியும் கோபம்.

பிரபாகர் காலையில் ரங்கநாதன் சார் மேஜையில் உட்கார்ந்து ஃபைல் புரட்டினான். என் கையெழுத்தில் உள்ள ஃபைல்.

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் எழுந்தேன். எம்.டி. ரூம் கதவைத் தட்டினேன், பதில் வரும் முன்பே உள்ளே போய்விட்டேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும் என்று பயம்.

"சார், ஆறு வருஷமா உங்க ரேட்டெல்லாம் எனக்குத் தெரியும். ஜெயசீலன் சாரையும் வாரா வாரம் பாக்கறேன். ஒரு விலை வெளில போயிருக்கா, சொல்லுங்க. அவர்கிட்ட நான் வேலை வாங்கித் தரச் சொல்லல. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு கேட்டேன், அவ்ளோதான். இப்ப நானே கேக்கறேன். அந்த வேலைய எனக்குக் குடுங்க சார்."

முழுசாகச் சொல்லி முடித்தேன். ஃபேன் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றார் எம்.டி.

வெளியே வந்தேன். டப்பாவில் இருந்த தயிர் சாதத்தை ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.

18 நவம்பர், வெள்ளி

நேற்று முழுக்க எம்.டி.யிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. நேற்று எழுதவும் பிடிக்கவில்லை.

இன்று மாலை கூப்பிட்டார். மூன்று மாதம் பொறுப்பு. சரியாக இருந்தால் நிரந்தர ஆர்டர். ஒரு விலை வெளியே போனதாகத் தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சிரிக்காமல் சொன்னார்.

பிரபாகர் கை கொடுத்தான். "பெரிய எடத்து சப்போர்ட் மேடம் உங்களுக்கு." நான் விளக்கவில்லை. விளக்கினால் நம்பிவிடப் போகிறானா.

டேனியல் ஜாங்கிரி வாங்கி வந்தார். தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டும் வந்திருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

19 நவம்பர், சனி

தூறல். புதுச் செருப்பு கடிக்கிறது. கேரல் பிராக்டிஸ்.

நான் போவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஜெ. அண்ணன் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, நம்ம நிர்மலா இப்போது ஆபீசர், ஒரே ஒரு போன்தான் போட்டேன் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணனுக்குத் தேங்க்ஸ் சொன்னியா என்று அவர் மனைவி கேட்டார். சொன்னேன். வேறு என்ன செய்ய.

அடுத்த பாட்டுக்குத் தாள் கொடுத்துக்கொண்டு வந்த அண்ணன், என்னிடம் வந்ததும் குனிந்தார். சும்மா விசாரிப்பதுபோல் மெதுவாக:

"ஆமா, தகடு இப்ப என்ன ரேட்டுக்கும்மா எடுக்கறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். எப்போதும் பார்க்கிற அதே முகம், அதே சிரிப்பு.

"தெரியாதுண்ணா."

"பர்ச்சேஸ் ஆபீசருக்கே தெரியாதா?"

"தெரியாதுண்ணா."

சிரிப்பு நின்றது. தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் அவருடைய இடத்தில் நின்றார். பாட்டு ஆரம்பித்தது. முடிகிற வரைக்கும் என் பிடரிக்குப் பின்னால் அவர் குரல்.